கற்பிக்கப் போனவர் கற்றுக்கொண்டது

வெளிநாட்டுக்குப் போய் உபாத்தியாயராக இருந்து திரும்புகிறவரைப் பார்த்து நம் ஜனங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். ஒன்று, "மாதம் எவ்வளவு கிடைத்தது?" மற்றொன்று, "அந்த ஊரில் நம் சாப்பாடு கிடைக்குமா?" இவை தவறான கேள்விகள் என்று நாம் சொல்ல வரவில்லை. வயிற்றை மறந்து பேசுகிறவன் ஒன்று சாமியாராக இருக்க வேண்டும், அல்லது சாமியாருக்குத் தரகனாக இருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "ஐயா, நீர் அங்கே போய்ப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தீரே, அதனால் உமது புத்தியில் என்ன மாறுதல் ஏற்பட்டது?" என்பதே அது. இதை யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் பெரும்பாலோர் விழிப்பார்கள். ஏனென்றால் உபாத்தியாயர் என்றால் கொடுப்பவர், மாணாக்கன் என்றால் வாங்குபவன் என்பதுதான் நம்முடைய எண்ணம். நிறைகுடத்திலிருந்து வெறுங்குடத்துக்கு ஊற்றினால், ஊற்றிய குடத்துக்கு என்ன லாபம் என்று நினைக்கிறோம். இந்த எண்ணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பொய்யானது. அதைப் பொய்யென்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர், தமது நாட்டை விட்டு அயல் நாட்டில் பாடஞ் சொல்லப் போன ஒரு பிரஞ்சு உபாத்தியாயர். கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. கதி கெட்டுப் போன இடத்தில் கண்டுபிடித்தார். அவருடைய சரித்திரத்தை நம் இயக்கத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அவர் பெயர் ஜோசப் ஜாக்கோத்தோ. 1770-ல் பிரான்சு தேசத்தில் திஜோன் என்ற நகரத்தில் பிறந்தவர். 19 வயதிலேயே பாடஞ் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிரஞ்சுப் புரட்சிக் காலத்தில் பீரங்கிப் படையில் காப்டனாக இருந்தார். பிறகு திரும்பி வந்து பழைய பாஷைகள், கணிதம், சட்டம் என்று பல பாடங்களைக் கற்பித்தார். 1815-ல் நெப்போலியன் நாடு கடத்தப்பட்டிருந்த தீவிலிருந்து திரும்பி வந்து ஏறக்குறைய 100 நாள் ஆண்ட போது, இவர் ஊராரால் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெப்போலியன் வீழ்ந்தான், பழைய ராஜ வம்சம் மறுபடியும் சிம்மாசனம் ஏறியது. இவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது நெதர்லாந்து ராஜா, தமது ஆளுகையிலிருந்த லூவேன் நகரத்துச் சர்வகலாசாலையில் இவருக்கு அரைச் சம்பளத்தில் ஒரு உத்தியோகம் கொடுத்தார். அந்த லூவேன் இன்றைக்கு பெல்ஜியத்தில் இருக்கிறது. 1818-ல் அங்கே அவர் பிரஞ்சு இலக்கியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த போது அவருக்கு 48 வயது. கற்பித்து நரைத்தவர், பேர் வாங்கியவர், தமக்குத் தொழில் தெரியும் என்று நம்பியவர்.

ஆனால் வகுப்புக்குள் நுழைந்தவுடனே ஒரு சங்கடம். அங்கே வந்த மாணாக்கர்களில் மிகப் பலருக்குப் பிரஞ்சு தெரியாது. அவர்கள் பேசியது பிளமிஷ் என்கிற டச்சு பாஷை. அதில் இவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. இவர் வாயைத் திறந்தால் அவர்களுக்குப் புரியாது. அவர்கள் வாயைத் திறந்தால் இவருக்குப் புரியாது. முப்பது வருஷமாக விளக்கி விளக்கிப் பழகிய நாக்கு அன்றைக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. நம் ஊரில் "என்னைப் போல் விளக்கிச் சொல்ல ஆள் உண்டா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் பிரசங்கியாரைப் பாஷை தெரியாத ஊரில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆவாரோ, அந்த நிலைமைதான்.

அப்போது பிரஸ்ஸல்ஸில் அச்சான ஒரு புஸ்தகம் அவர் கண்ணில் பட்டது. 'தெலமாக்' என்ற கதை. ஒரு பக்கம் பிரஞ்சு, ஒரு பக்கம் பிளமிஷ் மொழிபெயர்ப்பு. ஜாக்கோத்தோ ஒரு துபாஷியை வைத்து மாணாக்கர்களுக்குச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரஞ்சைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் பாதி வரையில் வந்ததும், கற்றதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். மிச்சத்தைக் கதை சொல்லுகிற அளவுக்குப் படித்து வாருங்கள். பிறகு, படித்ததைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைப் பிரஞ்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

இலக்கணம் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்துக்கூட்டுகிற விதி ஒன்றும் விளக்கவில்லை. ஆகையால் தப்பும் தவறுமாக நாலு வரி வந்தாலே அதிகம் என்று அவர் எதிர்பார்த்தார். வந்ததோ, பிரஞ்சுக்காரர்களே பலர் எழுதக்கூடிய தரத்தில் வாக்கியங்கள்! ஒவ்வொருவனும் தானாக ஒப்பிட்டு, தானாக ஊகித்து, தப்பாகப் போனால் தானாகத் திருத்தி, அந்தப் பாஷையைப் பிடித்துவிட்டான். விளக்குகிறவர் சும்மா இருந்தார்; வேலை நடந்துவிட்டது.

சாதாரண மனிதராக இருந்தால் என்ன செய்திருப்பார்? "பார்த்தீர்களா, என் கைராசியை!" என்று சொல்லி, தம் படத்தைப் போட்டு ஒரு மாலை நாள் கொண்டாடியிருப்பார். ஜாக்கோத்தோ அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்தார். "நான் விளக்காமலே இவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றால், இத்தனை வருஷம் நான் விளக்கியது எதற்காக?" என்று தம்மையே கேட்டார். ஒரு உபாத்தியாயர் தம்மைக் கேட்டுக்கொள்ளக் கூடிய கேள்விகளில் இதைவிடக் கொடியது கிடையாது. முப்பது வருஷத்துச் சம்பாத்தியத்தைத் தானே தராசில் போட்டுப் பார்ப்பது அது. இப்படிக் கேட்டதைத்தான் நாம் அவருடைய வளர்ச்சி என்கிறோம். வெளிநாடு அவருக்குக் கொடுத்தது பணமல்ல. அதுதான் அரைச் சம்பளமாயிற்றே! அவருடைய கர்வத்தை அது வாங்கிக்கொண்டது. அதைவிடப் பெரிய சம்பளம் எந்த உபாத்தியாயருக்கும் கிடைத்ததாக நாம் அறியவில்லை.

அவர் கண்ட முடிவு என்ன? ஒரு குழந்தை உலகத்தில் முதன்முதலில் கற்றுக்கொள்ளுகிற பாஷை அதன் தாய்ப்பாஷை. அதை எந்த உபாத்தியாயர் விளக்கிச் சொல்லிக்கொடுத்தார்? எழுவாய், பயனிலை சொல்லியா தாய் பாலூட்டினாள்? கேட்டு, பார்த்து, ஒப்பிட்டு, சொல்லிப் பார்த்து, தப்பினால் திருத்திக்கொண்டு அக்குழந்தை கற்கிறது. இவ்வளவு பெரிய காரியத்தைத் தானாகச் செய்த அதே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தவுடன், "நான் விளக்கினால்தான் உனக்குப் புரியும்" என்று சொல்லுகிறோம். அதைத் தினமும் கேட்கிற பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளுகிற பாடம், தனக்குத் தானாகப் புரியாது என்பதே. விளக்கம் என்பது அறியாமையைப் போக்குவதாகச் சொல்லிக்கொண்டு, அறிவாளி என்றும் அறிவிலி என்றும் உலகத்தை இரண்டாக வெட்டுகிறது என்று ஜாக்கோத்தோ கண்டார். எல்லா மனிதருடைய புத்தியும் சமம், வேறுபடுவது முயற்சியும் கவனமுமே என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

தோழர்களே! "நான் விளக்கினால்தான் உனக்குப் புரியும்" என்ற வார்த்தையை இதற்கு முன் எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கிற புரோகிதன் சொல்லுவது அதைத்தானே! மந்திரம் உனக்கு ஏன், நான் சொல்லுகிறேன், நீ தட்சணையை வை என்கிறான். சாஸ்திரம் உனக்கு ஏன், நான் அர்த்தம் சொல்லுகிறேன், நீ கையைக் கட்டி நில் என்கிறான்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. பாரதத்து ஏகலைவனைத் துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் அவன் பிறந்த குலம். அவன் காட்டில் ஒரு மண் பொம்மையை வைத்துக்கொண்டு தானாக வில் வித்தை கற்றான். அந்த மண் பொம்மை ஒரு வார்த்தையாவது விளக்கியதா? இல்லை. ஆகவே கற்றது யார்? ஏகலைவன். கற்பித்தது யார்? அதுவும் ஏகலைவன். இருந்தும் தட்சணை என்று வந்த போது, ஒன்றும் சொல்லிக்கொடுக்காத துரோணர் கட்டை விரலைக் கேட்டு வாங்கினார். இதைக் குருபக்திக்கு உதாரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறார்களே, அவர்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்கிறோம். லூவேனில் இருந்த உபாத்தியாயரும் விளக்கவில்லை. ஆனால் அவர் யார் விரலையும் கேட்கவில்லை. "நீயாகக் கற்றாய்" என்று ஒப்புக்கொண்டார். இவ்விரண்டு பேரில் யார் ஆசிரியர்?

இன்னொரு வேடிக்கை. 1699-ல் வெளிவந்த 'தெலமாக்' கதையை எழுதியவர் பெனலோன் என்ற கிறிஸ்தவ மதத் தலைமைக் குரு. ராஜ வீட்டுப் பிள்ளைக்கு உபாத்தியாயராக இருந்தவர். அக்கதையில் ராஜகுமாரனுக்கு மெந்தோர் என்ற ஒரு வழிகாட்டி அடிக்கடி புத்தி சொல்லிக்கொண்டே வருகிறார். அவர் மனித வேஷத்தில் வந்த ஒரு தெய்வமாம். குரு இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக்கூடாது என்று காட்ட எழுதிய புஸ்தகம், குரு இல்லாமலே கற்கலாம் என்று காட்ட உபயோகப்பட்டுவிட்டது! புஸ்தகம் என்ன சொல்லுகிறது என்பதைவிட, அதைக் கையில் வைத்திருக்கிறவன் தன் புத்தியை உபயோகிக்கிறானா என்பதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இதைச் சொன்னவுடன் சில தோழர்கள் ஜாக்கோத்தோவுக்கும் ஒரு கோயில் கட்டிவிடப் போகிறார்கள் என்று பயந்து, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். லூவேனில் நடந்தது அற்புதமல்ல. அம்மாணாக்கர்கள் எழுத்து வாசனை இல்லாதவர்களல்ல. சர்வகலாசாலை வரையில் வந்தவர்கள். கற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. மொழிபெயர்ப்பு கையில் இருந்தது. எல்லார் புத்தியும் சமம் என்பதை எந்தக் கருவியாலும் அளந்து காட்ட முடியாது. அதை அவரே ஒப்புக்கொண்டு, இதை நிரூபணமாக வைக்கவில்லை, இதை நம்பி ஆரம்பித்தால் எவ்வளவு காரியம் நடக்கிறது என்று பார்ப்போம் என்றுதான் சொன்னார். அவர் நாத்திகரும் அல்ல. கடவுள் மனித ஆத்மாவைக் குரு இல்லாமல் தானாகக் கற்கும் சக்தியோடு படைத்தார் என்ற கருத்தையே சீடர்கள் அவர் கல்லறையில் பொறித்தார்கள். கடவுள் விஷயத்தில் நாம் அவரோடு சேர முடியாது. ஆனால் "குரு இல்லாமல்" என்ற இடத்தில் தாராளமாகச் சேரலாம்.

உபாத்தியாயரே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. பிள்ளையின் கவனம் சிதறாமல் பார்ப்பதும், "எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்பதும் உபாத்தியாயர் வேலை. நீ என்ன பார்க்கிறாய்? அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்? அதைக்கொண்டு என்ன செய்வாய்? இம்மாதிரிக் கேள்விகளைக் கேட்க ஒருவர் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தகப்பனும் கூடத் தங்கள் பிள்ளை கவனித்துப் படிக்கிறதா என்று சோதிக்கலாம் என்று அவர் வற்புறுத்தினார். ஏதாவது ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொள், மற்றவற்றையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார் என்பது அவர் வழி. தமக்கே தெரியாத சித்திரத்தையும் பியானோ வாத்தியத்தையும் கூட இவ்வழியிலேயே வகுப்பு வைத்து நடத்தினார். 1823-ல் லூவேனிலேயே இதைப் பற்றிப் புஸ்தகம் வெளியிட்டார். 1830-ல் பிரான்சில் ஆட்சி மாறிய பிறகு தாய்நாடு திரும்பி, 1840-ல் பாரிஸில் இறந்தார். பண்டிதர்கள் பரிகாசம் செய்தார்கள். பிறகு மறந்தும் போனார்கள். 1987-ல் ஜாக் ரான்சியேர் என்ற பிரஞ்சுத் தத்துவ ஆசிரியர் ஒரு முழுப் புஸ்தகம் எழுதி இவரை மறுபடியும் உலகத்தின் முன் நிறுத்தினார்.

இது ஒருபுறமிருக்க, இந்தச் சரித்திரம் எனக்கு ஏன் சுட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். "உன் மண்டையில் இங்கிலீஷ் ஏறாது" என்று சொல்லி அனுப்பினார் ஒரு உபாத்தியாயர். ஒரு சிறு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனேன். கலியாணப் பத்திரிகைகளும் கும்பாபிஷேக நோட்டீசுகளும் ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் இங்கிலீஷிலும் அச்சாகும். கோத்துக் கோத்து, இந்த வார்த்தைக்கு இது என்று பார்த்துப் பார்த்து, மண்டையில் ஏறாது என்ற இங்கிலீஷ் ஏறிவிட்டது. கும்பாபிஷேகத்தால் பலன் அடைந்த சுயமரியாதைக்காரன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்! ஆகவே ஜாக்கோத்தோவைப் படித்தவுடன், "நான் கண்டதைத்தானே இவரும் கண்டிருக்கிறார்" என்று குதித்தேன்.

ஆனால் சந்தோஷம் ஒரு இரவுதான் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பேசினேன். இரண்டு மணி நேரம், கடவுள் முதல் கைரேகை வரையில் எல்லாவற்றையும் விளக்கினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு என்னங்க தெரியும்? நீங்க சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்" என்றார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அதே பெரியவர் அதே வார்த்தையைத்தானே நாற்பது வருஷமாகக் கோயில் குருக்களிடமும் சோசியரிடமும் சொல்லி வந்திருப்பார்! நான் அவரிடமிருந்து எதைப் பிடுங்கினேன், எதைக் கொடுத்தேன்? பழைய குருவை இறக்கிவிட்டு, காலியான பீடத்தில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். அன்று எனக்குக் கிடைத்தது வெற்றியல்ல, தோல்வி. அதைத் தோல்வி என்று தெரிந்துகொள்ள, 200 வருஷத்துக்கு முன் பாஷை தெரியாத ஊரில் விழித்துக்கொண்டு நின்ற ஒரு பிரஞ்சுக்காரர் வேண்டியிருந்தது.

ஆகவே, இன்று வெளிநாடுகளுக்கு உபாத்தியாயர்களாகப் போகிற நம் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் சொல்லுகிறோம்: போங்கள், சம்பாதியுங்கள். ஆனால் அங்கே உங்கள் பாஷை ஓடாமல், உங்கள் பழைய சாமர்த்தியம் செல்லாமல் நிற்கிற நாள் ஒன்று வரும். அந்த நாளைக் கண்டு வெட்கப்படாதீர்கள். உங்கள் புத்தி வளருகிற நாள் அதுதான். எதிரில் இருக்கிற பிள்ளைகள் நீங்கள் இல்லாமலே என்ன செய்கிறார்கள் என்று அன்றைக்குக் கவனித்துப் பாருங்கள். கவனிக்காமல் "அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பினீர்களானால், கப்பல் ஏறியும் நீங்கள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை என்றே அர்த்தம்.

உள்ளூரில் இருக்கிற உபாத்தியாயர்களும் கப்பல் ஏறாமலே இதைச் செய்யலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளையின் பேச்சு உங்களுக்கு ஒரு அயல் பாஷை; உங்கள் பேச்சு அதற்கு அயல் பாஷை. "இதுக்கு ஏறாது" என்று சொல்லுமுன், லூவேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நம் பிரசாரகர்களுக்கு, என்னையும் சேர்த்தே, ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசுவதை அரை மணியாகக் குறைப்போம். ஒரு துண்டுப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர் கேட்க, "இதில் என்ன சொல்லியிருக்கிறது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்கே தப்பு?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். முதலில் மௌனமாகத்தான் இருக்கும். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் மறுபடியும் எழுந்து விளக்க ஆரம்பித்தோமானால் கெட்டோம்.

"நீங்க சொன்னது தப்புங்க" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொல்லுகிற கூட்டம் எதுவோ, அதையே என் முதல் வெற்றிக் கூட்டமாகக் கணக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன்.